கல்லாக மாறிய பின்னும் அதே கோயிலா?

திருக்கோடிக்காவல் சிவன் கோயில் ஒருகாலத்தில் செங்கல் கட்டடம். உத்தம சோழனின் தாய் செம்பியன் மாதேவி அதை 10ஆம் நூற்றாண்டில் கற்றளியாக்கினார். அப்போது ஒரு சிக்கல். விளக்கெரிக்கப் பொன், படையலுக்கு நிலம் என்று முந்தைய மன்னர்கள் காலத்தில் வெட்டிய கொடைகள் பழைய கற்களில் கிடந்தன. அவை பழைய கோயிலுக்குக் கொடுத்தவை ஆயிற்றே, புதுக் கோயில் உரிமை கொண்டாடலாமா?

கொண்டாடலாம் என்றே முடிவானது. கட்டடம் மாறலாம், கொடை பெற்ற சுவாமி மாறவில்லை. வாசகங்களைப் புதுச் சுவரில் வெட்டி, 'பழங்கற்படி' என்று, அதாவது பழைய கல்லின் நகல் என்று, குறித்தும் வைத்தார்கள். நேர்மையான வேலை. ஆனால் மூலக் கற்களை இனி உபயோகமில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள்; நகலில் பிழை இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை.

1980களில் ஆப்ஜெக்ட் டேட்டாபேஸ் கட்டியவர்களும் இதே கேள்வியில்தான் வந்து நின்றார்கள். உள்ளே இருக்கும் விவரம் எப்படி மாறினாலும் ஒரு பொருளின் அடையாள எண் மாறக்கூடாது என்று 1986இல் கோஷாஃபியனும் கோப்லாண்டும் எழுதினார்கள். சரி, அமைப்பையே மாற்றினால் ஏற்கெனவே சேமித்த லட்சக்கணக்கான பொருள்களை என்ன செய்வது? ஜெம்ஸ்டோன் என்ற டேட்டாபேஸ் எல்லாவற்றையும் உடனே மாற்றியது. ஓரியன் என்ற இன்னொன்று வட்டில் இருப்பதைத் தொடாமல், எடுத்துப் படிக்கும்போது மட்டும் புது வடிவில் காட்டியது.

கும்பாபிஷேகம் ஜெம்ஸ்டோன் வழி. கலாகர்ஷணம் செய்து மூர்த்தியின் சக்தியைக் கும்பத்து நீருக்கு மாற்றி, பாலாலயம் என்ற தற்காலிகச் சன்னதியில் வைத்துப் பூஜை நடக்கும். கருவறையில் கொத்தனார் வேலை பார்ப்பார். திருப்பணி முடிந்ததும் கும்பநீர் திரும்ப வரும். தஞ்சைப் பெரிய கோயிலில் 1997க்குப் பிறகு 2020 பிப்ரவரி 5 அன்றுதான் கும்பாபிஷேகம் நடந்தது. திருப்பணி நடக்கும் நாள்களில் சுவாமி எங்கே என்று கேட்டால், கும்பத்தில் என்பார் குருக்கள், சற்றும் தயங்காமல். ஆகமத்தின் கணக்கில் அடையாளம் கல்லோடு ஒட்டியதல்ல.

ஓரியன் வழியைப் பார்க்க வயலுக்குப் போக வேண்டும். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்றிருக்கும். வரப்பில் நிற்பவர் வாயில் மா, வேலி என்ற பழைய அளவுகள்தான். பயிர்க்கடனுக்கு விண்ணப்பிக்கும் அன்றைக்குத்தான் மாற்றுக் கணக்கு. மூணு மா ஒரு ஏக்கர் என்பார்கள். ஒரு குழி 144 சதுர அடி, நூறு குழி ஒரு மா. மூன்று மாவுக்கு 43,200 சதுர அடி. ஏக்கரோ 43,560. ஒவ்வொரு ஏக்கரிலும் 360 சதுர அடி மாற்றுக் கணக்கில் நழுவுகிறது. ஆனால் இங்கே மூலம் தொலையவில்லை: நிலம் அங்கேயே கிடக்கிறது, தகராறு வந்தால் பன்னிரண்டடிக் கோலை மறுபடி போட்டுப் பார்க்கலாம்.