மடியில் கனம்

கணவன் சர்க்காருக்கு வரி பாக்கி வைத்திருக்கிறான். அதற்காக அவன் மனைவியை நாட்டுக்குள் விடாமல் வாசலிலேயே நிறுத்தி வைக்கலாமா?

சட்டென்று கேட்டால், 'அதெப்படிங்க நியாயம்?' என்றுதான் சொல்வீர்கள். வரி பாக்கி அவனுக்கும் சர்க்காருக்கும் நடுவில் உள்ள கொடுக்கல் வாங்கல். அதில் அவள் எங்கே வந்தாள்?

கொஞ்சம் பொறுங்கள். அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு ஒரு படிவம் பதில் சொல்கிறது. அந்தப் பதிலுக்குள் நம் எல்லாருக்குமான ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது.

அமெரிக்கக் குடிமகனோ, கிரீன் கார்டு வைத்திருப்பவரோ தன் வாழ்க்கைத் துணையை அங்கே நிரந்தரமாக அழைத்துக்கொள்ள வேண்டுமானால் ஐ-864 என்ற படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். 1996-ல் வந்த குடியேற்றச் சட்டத்தின் வாரிசு அது. சாரம் இதுதான்: 'இவள் இங்கே வந்து சர்க்கார் உதவியை நம்பி நிற்க மாட்டாள். நான் பார்த்துக்கொள்கிறேன்.'

கல்யாண மேடையில் மாமனாரிடம் சொல்கிற அதே வசனம்தான். ஆனால் மாமனார் மறந்துவிடுவார், சர்க்கார் மறக்காது. இது கோர்ட்டுக்குப் போகக்கூடிய ஒப்பந்தம். அவள் குடியுரிமை வாங்க வேண்டும், அல்லது சுமார் பத்து வருட உழைப்பு அவள் கணக்கில் ஏற வேண்டும், அல்லது அந்த நாட்டைவிட்டே ஒரேயடியாகப் போக வேண்டும், அல்லது யாராவது ஒருவர் இறந்துபோக வேண்டும். அதுவரை இந்த வாக்கு உயிரோடு இருக்கும். விவாகரத்து ஆனாலும் முடியாது! மூன்று முடிச்சை நீதிபதி அவிழ்த்துவிடலாம். இந்த முடிச்சை அவராலும் அவிழ்க்க முடியாது.

சரி, வாக்குக் கொடுக்கிற ஆளுக்கு வக்கு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அவன் வருமானம், அரசு நிர்ணயித்த வறுமைக்கோட்டு அளவில் 125 சதவிகிதமாவது இருக்க வேண்டும். 2025-ம் வருடக் கணக்கில், பெரும்பாலான மாநிலங்களில், இரண்டு பேர் கொண்ட குடும்பத்துக்கு அது 26,437 டாலர். அதற்கு முக்கியமான சாட்சி, அவன் கடைசியாகத் தாக்கல் செய்த வருமான வரிக் கணக்கு.

இந்த இடத்தில்தான் வரி உள்ளே நுழைகிறது. மூன்று கணவர்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மூவருமே சொந்தமாகத் தொழில் செய்பவர்கள். மாதச் சம்பளக்காரனுக்குக் கையில் வருவதற்கு முன்பே வரியைப் பிடித்துவிடுவார்கள். சொந்தத் தொழில்காரன் தானாக முன்வந்து கட்ட வேண்டும். சபலத்துக்கு அங்கேதான் கதவு திறக்கிறது.

முதல் கணவன் ஒழுங்காகக் கணக்குத் தாக்கல் செய்தான். கட்ட வேண்டிய வரி எட்டாயிரம் டாலர். கையில் பணம் இல்லை. வரித்துறைக்கு எழுதி, மாதத் தவணை கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான். இவன் மனைவிக்கு விசா கிடைக்குமா? வரி பாக்கி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக இவனுடைய வாக்கைத் தள்ளிவிட வேண்டும் என்று விதி இல்லை. விதி கேட்பது இரண்டுதான்: கணக்குக் காட்டினாயா? வருமானம் போதுமா? அதிகாரி மொத்த நிலவரத்தையும் பார்த்துத்தான் முடிவெடுப்பார் என்பது வேறு. ஆனாலும் தவணைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இவன் நிமிர்ந்து உட்காரலாம்.

இரண்டாவது கணவன் கணக்கே தாக்கல் செய்யவில்லை. 'கட்டப் பணமில்லை, எதுக்கு வம்பு' என்று சும்மா இருந்துவிட்டான். இவன் பாடுதான் திண்டாட்டம். தாக்கல் செய்யக் கடமைப்பட்டவன் செய்யாவிட்டால், பழைய கணக்கை முடித்துக்கொண்டு வா என்று திருப்பி அனுப்புவார்கள். மனைவி காத்திருப்பாள்.

இதில் ஒரு கணக்கைக் கவனியுங்கள். கணக்கே காட்டாமல் இருந்தால் அமெரிக்காவில் அபராதம் மாதத்துக்கு 5 சதவிகிதம். கணக்கைக் காட்டிவிட்டுப் பணம் கட்டாமல் இருந்தால் மாதத்துக்கு அரை சதவிகிதம். எட்டாயிரம் டாலருக்கு முன்னது மாதம் 400, பின்னது 40. பணமில்லை என்று சொல்பவனை ஒரு அடி அடிக்கிற சட்டம், வாயே திறக்காதவனைப் பத்து அடி அடிக்கிறது.

மூன்றாவது கணவன்தான் கெட்டிக்காரன். அறுபதாயிரம் சம்பாதித்து இருபதாயிரம் என்று காட்டினான். நாலு வருடம் நன்றாகத்தான் ஓடியது. இப்போது விசா படிவம் வந்து நிற்கிறது. 'ஐயா, உண்மையில் நான் அறுபதாயிரம் சம்பாதிக்கிறேன்' என்று சொல்ல வாய் வருமா? சொன்னால் வரி ஏய்ப்பு. சொல்லாவிட்டால் மனைவியை அழைக்க வருமானம் போதாது. எந்தப் பணத்தை ஒளித்தானோ, அந்தப் பணமே தேவைப்படும் நேரத்தில் அவனுக்கு இல்லாமல் போய்விட்டது.

வருமானம் குறைந்தால் வேறொருவர் சேர்ந்து உத்தரவாதக் கையெழுத்துப் போடலாம். சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் அப்போதும் கணவன் தன் படிவத்தையும் தன் வரிக் கணக்கையும் வைத்தே ஆக வேண்டும். நண்பன் பணத்தை இரவல் தரலாம், முகத்தை இரவல் தர முடியாது. அந்த நண்பனின் கழுத்திலும் அதே முடிச்சு விழுகிறது என்பது தனிக் கதை.

இதற்குத் தம்பி ஒருவன் உண்டு. கல்யாணம் ஆன பிறகும் வரிக் கணக்கில் 'திருமணம் ஆகாதவர்' என்றே டிக் அடித்து வருபவன். டிசம்பர் 31 அன்று கல்யாணம் ஆனவனாக இருந்தால், மனைவி வெளிநாட்டில் இருந்தாலும், அந்த வருடம் முழுக்க அவன் கல்யாணம் ஆனவன்தான். இவனோ குடியேற்றத் துறையிடம் 'என் மனைவி' என்கிறான், வரித்துறையிடம் 'அப்படி யாரும் இல்லையே' என்கிறான். வணிகவியல் முதல் வருடத்தில் சொல்லித்தருவார்கள்: ஒரு பக்கம் எழுதினால் மறுபக்கமும் எழுதியாக வேண்டும். வாழ்க்கைப் பேரேட்டிலும் அதே விதிதான்.

'ஐயய்யோ, எல்லாருமா ஏமாற்றுக்காரர்கள்? தெரியாமல் தப்பாக எழுதியிருக்கக் கூடாதா?' என்று நீங்கள் கேட்டால், நல்ல கேள்வி. பிரிட்டனில் இதே போன்ற விவகாரம் வெடித்தது. வரித்துறைக்குக் காட்டிய வருமானமும் உள்துறைக்குக் காட்டிய வருமானமும் ஒத்துப்போகவில்லை என்று, திறமை அடிப்படையில் குடியேறிய பலருக்கு நிரந்தரமாகத் தங்கும் அனுமதி மறுக்கப்பட்டது. 2019 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் உள்துறையின் அணுகுமுறையைக் குறை சொன்னது. கணக்கு ஒத்துப்போகவில்லை என்பதாலேயே ஒருவரை நேர்மையற்றவர் என்று முத்திரை குத்தக் கூடாது, முதலில் அவர் பக்கத்தைக் கேட்க வேண்டும் என்றது. பிழை வேறு, பொய் வேறு. அதைப் பிரித்துப் பார்ப்பது சர்க்காரின் கடமை.

இன்னொரு ஆட்சேபணை இதைவிடக் கனமானது. அமெரிக்காவில் முறையான ஆவணம் இல்லாமல் வாழ்கிற எத்தனையோ பேர், அதற்கென்று உள்ள எண்ணை வாங்கி வருடா வருடம் வரி கட்டுகிறார்கள். அதற்காக யாரும் அவர்கள் கையில் விசாவைக் கொடுத்துவிடுவதில்லை. கட்டினால் உரிமை வராது என்றால், கட்டாவிட்டால் மட்டும் உரிமை ஏன் போக வேண்டும்? ஏழை என்றால் மனைவியோடு வாழக் கூடாதா? இந்தக் கேள்விகளுக்கு அந்தச் சட்டத்திடம் திருப்தியான பதில் இல்லை. அதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் நம் மூன்று கணவர்கள் விஷயத்தில் சட்டம் தொட்டிருக்கிற நரம்பு சரியான நரம்பு. அது 'நீ பணக்காரனா' என்பதோடு நிற்கவில்லை. 'எதிர்காலத்துக்கு வாக்குக் கொடுக்கிறாயே, போன வருடத்து உண்மையைச் சொன்னாயா' என்றும் கேட்கிறது.

வரி கட்ட மறுத்த பெரிய மனிதர்களும் உண்டு. அடிமை முறையை ஆதரித்த அரசுக்குப் பணம் தர மாட்டேன் என்று 1846-ல் தோரோ ஒரு ராத்திரி சிறையில் இருந்தார். அவர் ஒளியவில்லை. 'தர மாட்டேன்' என்று முகத்துக்கு நேரே சொன்னார். அது மறுப்பு. நம் மூன்றாவது கணவன் செய்தது பதுக்கல். இரண்டிலும் சர்க்காருக்குப் பணம் போகவில்லை. ஆனால் ஒன்றில் மனிதன் நிமிர்கிறான், இன்னொன்றில் குனிகிறான்.

சரி, விசாவுக்காகவே பழைய கணக்கையெல்லாம் தேடி எடுத்து ஒருவன் இப்போது திருத்துகிறான். இது நேர்மையா, வியாபாரமா? லாபத்துக்காக நேர்மையாக இருக்கும் கடைக்காரனைப் பற்றி 1785-லேயே ஜெர்மன் தத்துவவாதி கான்ட் எழுதினார். குழந்தை வந்தாலும் அதே விலைக்குத்தான் கொடுப்பான். செயல் சரி. ஆனால் அதற்கு ஒழுக்கத்தில் மார்க் கிடையாது என்பது கான்ட்டின் கட்சி.

எனக்கு அவ்வளவு கறார் இல்லை. மனிதன் முதலில் பயத்தால் திருந்துவான், பிறகு பழக்கத்தால் திருந்துவான், அதிர்ஷ்டம் இருந்தால் ஒருநாள் மனசாலும் திருந்துவான். வரித்துறைக்கு அவன் மனசு தேவையில்லை, கணக்குப் போதும். மனசு தேவைப்படுவது அந்த மனைவிக்குத்தான்.

ஏனென்றால் நாளைக்குக் கையெழுத்துப் போடப் போவது அவள். இருவரும் சேர்ந்து ஒரே வரிக் கணக்காகத் தாக்கல் செய்தால், அந்த வருடத்து வரி முழுவதற்கும் இருவருமே பொறுப்பு. அவன் வருமானத்தை மறைத்திருந்தாலும் நோட்டீஸ் அவள் பேருக்கும் வரும். இன்னும் விமானமே ஏறாத மனைவிகூட விருப்பம் தெரிவித்து அதில் கையெழுத்துப் போட முடியும். 'எனக்கு எதுவுமே தெரியாது' என்று நிரூபிக்கிறவர்களுக்கு விலக்குக் கேட்க வழியும் வைத்திருக்கிறார்கள். அதன் பெயரே 'அப்பாவித் துணைக்கான நிவாரணம்'. கணவன் மனைவிக்குள் ஒருவர் இன்னொருவருக்குத் தெரியாமல் கணக்கு வைத்துக்கொள்வது எவ்வளவு சகஜமாக இருந்தால், சட்டம் அதற்கென்று தனியாகப் பெயர் வைத்திருக்கும்!

நம் ஊரில் வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் என்ன கேட்கிறோம்? வேலை, வீடு, கார், கிரீன் கார்டு. 'வரிக் கணக்கெல்லாம் ஒழுங்கா இருக்கா தம்பி?' என்று கேட்ட மாமனாரைப் பார்த்திருக்கிறீர்களா? கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். கடைசியில் அந்தக் கேள்வியை யாரோ ஒரு அதிகாரி கேட்கிறார்.

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். கனம் எல்லார் மடியிலும் கொஞ்சம் இருக்கும். முதல் கணவனுக்கும் எட்டாயிரம் டாலர் கனம் இருந்தது. அதை அவிழ்த்து மேஜை மேல் வைத்தான், அவ்வளவுதான்.

கடனை மன்னிக்க சர்க்காருக்கும் தெரியும், மனைவிக்கும் தெரியும். முந்தானைக்குள் வந்த பிறகு ஒளித்தது தெரியவந்தால், சர்க்கார் அபராதம் போடும். மனைவி என்ன போடுவாள் என்பதற்கு எந்த நாட்டிலும் அட்டவணை கிடையாது.