உண்மை சொல்லியும் ஏமாற்றலாமா?

ஒரு பொய்யும் சொல்லாமல் ஒருவரை ஏமாற்ற முடியுமா? முடியும் என்பது வியாபாரத்தில் பழகிய நம் எல்லோருக்கும் தெரியும். கடைச் சரக்கைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, ஓர் ஆட்டுக்கிடாவை முன்னிட்டு இதனைச் சிந்திப்போம்.

பேராக் மாநிலத்திலே ஒரு குடும்பம் சிறிய ஆட்டுப் பண்ணை வைத்திருப்பதாகக் கொள்வோம். பத்துக் கச்சாங் பெட்டைகள். அவற்றுக்கு ஒரே ஒரு ஜமுனாபாரிப் பொலிகிடா. உயரமும் நீண்ட தொங்குகாதும் உடைய அழகான கிடா. அதன் மகள்களும் பருவமடைந்து தகப்பனோடேயே சேர்ந்து ஈன்றன. அந்தக் குட்டிகளில் இரண்டுக்குக் கீழ்த்தாடை குட்டையாயிருந்தது. பால் குடிக்கவே அவை சிரமப்பட்டன. இது இரத்தத்தில் வரக்கூடிய குறை. கிடாவைப் பார்த்தால் தெரியாது. தாய், தகப்பன் இரண்டு வழியிலும் வந்து சேரும்போதுதான் வெளிப்படும்.

இனி இக்கிடாவைப் பொலிக்கு விற்றால் 1,500 ரிங்கிட், கசாப்புக்கு விற்றால் 900 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகளின் பள்ளிச் செலவோ தலைக்கு மேல் நிற்கிறது. வாங்க வந்தவர், "நல்ல கிடாவாயிருக்கிறதே, ஏன் பாய் விற்கிறீர்கள்?" என்று கேட்கிறார். "இதன் மகள்கள் பெரிதாகிவிட்டன. இனி இதை இங்கே வைத்திருக்கக் கூடாது" என்கிறார் பண்ணைக்காரர்.

இப்பதிலில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. ஆயினும் இது நாணயமான பதில்தானா?

"வாங்குகிறவருடைய பெட்டைகள் வேறு இரத்தம், குறை வராமலே போகலாம். அவர் கேட்காததை நாம் ஏன் சொல்ல வேண்டும்?" என்று சிலர் வாதிடலாம். கணக்கைப் பாருங்கள். சினைக்காலம் 5 மாதம். பிறந்த பெட்டை பருவமடைய ஏறக்குறைய ஓராண்டு. அது அதே கிடாவோடு சேர்ந்து ஈன மேலும் 5 மாதம். ஆக, குறை தலைகாட்டச் சுமார் 2 ஆண்டுகளாகும். அதற்குள் விற்றவர் பணத்தைச் செலவழித்திருப்பார். வாங்கியவரோ தம் விதியை நொந்துகொள்வார்.

பால் மிகுதியென்று காட்டுவதற்காக ஆட்டின் மடியைக் கறக்காமல் விட்டு விற்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். கறந்து பார்த்தபின் அந்த ஆட்டைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையையும் வாங்கியவருக்கு அளித்தார்கள். மடியின் குறை சில நாளில் தெரிந்துவிடும். கிடாவின் குறையோ அப்படியன்று. வாங்கியவருக்கு அதில் விற்பவரின் நாவைத் தவிர வேறு பாதுகாப்பில்லை.

சொல்லிவிட்டால் வியாபாரம் கெட்டுவிடும் என்பதும் நிச்சயமில்லை. விஷயம் தெரிந்தவர் இக்கிடாவை அதன் மகள்களோடு சேர விடமாட்டார், காலத்தோடு மாற்றிவிடுவார், விலையில் ஏதோ குறைத்துக் கேட்பார். அவருக்கு வேண்டாமென்றால் கசாப்புக்காரர் இருக்கிறார். இறைச்சியை உண்பவருக்கு இக்குறையால் தீங்கில்லை. 600 ரிங்கிட் நஷ்டம் ஏழைக் குடும்பத்துக்குச் சிறிதன்று; அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த 600 ரிங்கிட், கிடாவின் விலையன்று. வாங்குகிறவர் அறியாமையின் விலை.

நம் கடைகளிலும் இதே கிடா வேறு உருவில் நிற்கிறது: மழையில் நனைந்து காய்ந்த மூட்டையாக, ஒரு முறை துவைத்தால் சாயம் போகும் துணியாக. "எனக்குத் தெரிந்தது இவருக்கும் தெரிந்தால், இந்த விலை கொடுப்பாரா?" என்று பணப்பெட்டியைத் திறக்குமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக!