போர்த்திய கரங்கள்

ஹிராக் குகையில் முதன்முதலாக வஹீ இறங்கிய அன்று, அண்ணலெம்பெருமானார் (ஸல்) அவர்கள் நடுங்கியவர்களாக இல்லம் திரும்பினார்கள். தம்மைப் போர்த்துமாறு கூறினார்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்கள், "இதற்கெல்லாம் கலங்கலாமா?" என்று கேட்கவில்லை. முதலில் போர்த்தினார்கள். நடுக்கம் தணியக் காத்திருந்தார்கள். நடந்ததைச் செவிதாழ்த்திக் கேட்டார்கள். உறவைப் பேணி, எளியோர் சுமையைத் தாங்கும் தங்களை அல்லாஹ் கைவிடமாட்டான் என்று தேற்றினார்கள். பிறகு, வேதம் அறிந்த வரகாவிடம் அழைத்துச் சென்றார்கள்.

அன்பிற்குரிய சகோதர சகோதரிகளே! வஹீயின் கனத்தை எந்த நோயோடும் ஒப்பிடலாகாது. ஆயினும், அன்னையவர்கள் நடந்துகொண்ட முறை நம் இல்லங்களுக்குப் பாடமன்றோ?

2020 மார்ச் 11 அன்று கொரோனா உலகப் பெருந்தொற்றாக அறிவிக்கப்பட்டது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் நம் நாட்டில் பிராணவாயுவுக்கு மக்கள் அலைந்ததை மறக்க இயலுமா? பெற்ற பிள்ளையும் நெருங்க முடியாத படுக்கையருகே நின்றவர்கள் நர்ஸுகளே. ஸக்ராத்தில் இருந்தவரின் காதருகே கைப்பேசியைப் பிடித்தார்கள். உயிர் பிரிந்ததும் உடலைப் பைக்குள் வைத்து மூடியதும் அவர்களே. 2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் நெருக்கடி நிலையை விலக்கிக்கொண்டது. ஆனால், பலருடைய உள்ளத்தில் அந்த வார்டு இன்னும் மூடப்படவில்லை.

தூக்கத்தில் அலறி எழுவது, சிறு மணியோசைக்கும் திடுக்கிடுவது, கண்டவை கண்முன்னே திரும்பத் திரும்ப வருவது, மருத்துவமனைப் பக்கமே போக அஞ்சுவது, எவரோடும் ஒட்டாமல் மரத்துப்போவது: இவை ஒரு மாதத்திற்கு மேலும் நீடித்தால், அதிர்ச்சிக்குப் பின்வரும் மனநோயாக இருக்கலாம் என்கின்றனர் மருத்துவர்கள். பக்குவமான பேச்சுச் சிகிச்சையாலும், தேவைப்பட்டால் மருந்தாலும் இது தணியக்கூடியது.

ஆனால் நம்மவர் சிலர், "ஈமான் குறைவு, ஸபுரு இல்லை" என்று எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். யஃகூப் நபி (அலை) அவர்கள் மகனை எண்ணிய துயரத்தால் கண்கள் வெளுத்துப் போனார்களே, அவர்களிடம் ஸபுரு இல்லையா? மூஸா நபி (அலை) அவர்களின் தாயாரின் உள்ளம் வெறுமையானதையும், அதை அல்லாஹ்வே உறுதிப்படுத்தியதையும் திருக்குர்ஆன் எடுத்துரைக்கவில்லையா? உள்ளம் காயப்படுவது பாவமன்று. மருந்து செய்துகொள்ளுமாறு ஏவியவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்களே. தொழுகையும் துஆவும் வேண்டும், மருத்துவரும் வேண்டும்.

ஆகவே, உங்கள் மகளோ மருமகளோ இப்பணியில் இருந்து கலங்கி நின்றால், நடந்ததைக் கிளறிக் கிளறிக் கேட்காதீர்கள்; அவர் சொல்ல முன்வரும்போது குறுக்கிடாமல் கேளுங்கள். இரவுப் பணி முடிந்து வந்தவர் மீது அடுப்படி வேலை முழுவதையும் சுமத்தாதீர்கள். அவர் செய்த நன்மைகளை நினைவூட்டுங்கள். மனநல மருத்துவரிடம் துணைக்குச் செல்லுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்று அவர் சொன்னால் தனியே விடாமல் உடனே அழைத்துச் செல்லுங்கள்.

நம் நோயாளிகளைப் போர்த்திய கரங்கள் இன்று நடுங்குகின்றன. அவர்களைப் போர்த்துவது நம் கடமை. வல்ல ரஹ்மான் அவர்களின் உள்ளங்களுக்கு அமைதியும் பூரண ஷிஃபாவும் அருள்வானாக! ஆமீன்.