சுகமானேன் என்று எப்போது சொல்லலாம்?



இந்த மாதம் ஒரு கேள்வியோடு உங்களிடத்தில் வருகிறேன். நம் சபையில் தறி நெய்கிற ஒரு சகோதரன் என்னிடம் கேட்டது. அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும்.

"பாஸ்டர், நான் சுகமாயிட்டேன்னு சொன்னா அது பொய்யாகுது. இன்னும் சுகமாகலைன்னு சொன்னா அவிசுவாசம்ங்கிறாங்க. நான் என்னதான் சொல்றது?"

பைபிள் காலேஜில் நான் படித்த பாடங்களில் இதற்குப் பதில் இல்லை. அன்றைக்கு ஏதோ ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். அவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது நாம் எல்லாரும் உபவாசித்து ஜெபித்தோம். வேலூருக்குப் போனார்கள். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்த அந்த சி.எம்.சி.யில் 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கிறது. அதைத் தொடங்கி வைத்தவர் டாக்டர் மம்மன் சாண்டி. 2019-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதற்கு முன்பே 1983-ல் பம்பாய் டாடா மருத்துவமனையில் இந்தச் சிகிச்சை நடந்திருக்கிறது.

மஜ்ஜை என்றால் நம்முடைய வேதாகமத்தில் "ஊன்" என்று வருகிறதே, அதுதான். எபிரெயர் 4:12-லும் நீதிமொழிகள் 3:8-லும் வாசித்திருக்கிறீர்கள். எலும்புக்குள்ளே இருந்து ரத்தத்தை உண்டாக்குகிற ஊற்று அது. ஊற்றே கெட்டுப்போனால் முதலில் கடுமையான மருந்து ஏற்றி, கெட்டதோடு மிச்சமிருக்கிற நல்லதையும் சேர்த்து அழிக்கிறார்கள். பிறகு பொருத்தமான ஒருவருடைய ஊற்றணுக்களை ரத்தம் ஏற்றுவதுபோல நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். கத்தி கிடையாது. அந்த அணுக்கள் தாமாகவே வழி கண்டுபிடித்து எலும்புக்குள் போய்க் குடியேறி, இரண்டு மூன்று வாரத்தில் புது ரத்தம் உண்டாக்க ஆரம்பிக்கின்றன. யார் அவற்றுக்கு வழி காட்டினது? அல்லேலூயா என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கூடப்பிறந்தவர்களில் ஒருவர் முழுசாகப் பொருந்துவதற்கு நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு. இவருக்குத் தங்கச்சி பொருந்தினாள். அவள் நம் சபைக்கு வருகிறவள் அல்ல, கர்த்தரை அறியாதவள். அண்ணனுக்கு என்று கேட்டவுடனே பஸ் ஏறிவிட்டாள். இன்றைக்கு இவருடைய ரத்தத்தின் குரூப்பே தங்கச்சியின் குரூப்பாக மாறிவிட்டது. "அவ ரத்தம்தான் பாஸ்டர் எனக்குள்ள ஓடுது" என்று அவர் சொல்லும்போது அது பேச்சுக்கு அல்ல, அப்படியே உண்மை. நம்முடைய ஜெபத்தைப்பற்றி எத்தனையோ தரம் பேசினோம். அந்தப் பிள்ளைக்கு நாம் ஒரு வார்த்தை நன்றி சொன்னோமா?

இனி என் தப்புக்கு வருகிறேன்.

ஆஸ்பத்திரியில் அணுக்கள் ஏற்றின நாளை பூஜ்ஜியம் என்று வைத்து எண்ணுகிறார்கள். நூறு நாள் வரைக்கும் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கினார்கள். அப்புறம் ஊருக்கு வந்தார். புது ஊற்று பழைய சரீரத்தையே அந்நியன் என்று நினைத்துத் தாக்காதபடிக்கு அதை அடக்கிவைக்கிற மாத்திரைகள் சாப்பிட வேண்டும். அப்படி அடக்கிவைத்திருக்கும்போது சாதாரணச் சளிகூட அவருக்கு ஆபத்து. கொதிக்கவைத்து ஆறின தண்ணீர், அப்போதைக்கப்போது சமைத்த சாப்பாடு, கூட்டத்துக்குள் போகக்கூடாது, தூசி ஆகாது, முகமூடி போட வேண்டும். தறிக்குழியில் இறங்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நெசவாளிக்கு இது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று சின்னாளப்பட்டிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நானோ ஐந்தாம் மாதம் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தேன். நம் தகர ஷெட்டில் அன்றைக்கு உட்கார இடமில்லை. அவர் முகமூடியோடு வந்து வாசல்பக்கம் உட்கார்ந்தார். நான் மைக்கில், "சுகம் கொடுத்த தேவனுக்கு முன்னால முகமூடி எதுக்கு பிரதர்? கழட்டிட்டு வந்து சாட்சி சொல்லுங்க!" என்றேன். ஜனங்கள் கைதட்டினார்கள். அவர் கழற்றினார். எனக்காகக் கழற்றினார், கர்த்தருக்காக அல்ல. சாட்சி முடிந்ததும் எல்லாரும் கை கொடுத்தார்கள், பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள்.

நாலாம் நாள் ராத்திரி காய்ச்சல். விடிவதற்குள் கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பன்னிரண்டு நாள் இருந்தார். கூட்டத்தில்தான் தொற்றியது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். அது எனக்கு ஆறுதலாக இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவருடைய மனைவி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அந்த நாட்களில்தான் நான் வேதத்தைத் திரும்ப வாசித்தேன். மாற்கு 8-ம் அதிகாரத்தில் பெத்சாயிதா ஊர்க் குருடன். ஆண்டவர் தொட்டபிறகு, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். அவன் என்ன சொன்னான்? மனுஷர் மரங்களைப்போல நடமாடுகிறதாகத் தெரிகிறது என்று உள்ளதைச் சொன்னான். தொட்டவர் தேவகுமாரன், சுற்றிலும் சீஷர்கள். "எல்லாம் நல்லாத் தெரியுது ஆண்டவரே, ஸ்தோத்திரம்!" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இயேசு அதை அவிசுவாசம் என்று கடிந்துகொண்டாரா? இல்லை, மறுபடியும் தொட்டார். அரைகுறைச் சுகத்தை அரைகுறை என்று சொன்னதால் அவனுக்கு நஷ்டம் எதுவும் வரவில்லை. நம்முடைய சபையில் இருந்திருந்தால் அவனை அங்கேயே நிறுத்தி அல்லேலூயா சொல்லி அனுப்பியிருப்போமோ என்று எனக்குப் பயம்.

லேவியராகமம் 14 இன்னும் தெளிவு. குஷ்டரோகம் நீங்கினவன் சுத்தமானவன் என்று சொல்லப்பட்டு பாளயத்துக்குள் வருகிறான். ஆனாலும் ஏழு நாள் தன் கூடாரத்துக்கு வெளியே தங்க வேண்டும். தலைமயிர், தாடி, புருவம் எல்லாம் சிரைக்கப்பட்டு, வீட்டுக்கு எதிரிலேயே வீட்டுக்குள் போகாமல் இருக்கிறான். அவன் சுகமானவனா, ஆகாதவனா? இரண்டும்தான். திரும்பி வருகிறவனுக்கு நடுவிலே ஒரு காலம் தேவை என்று கர்த்தரே நியமித்திருக்கிறார். மருந்தினால் புருவம் உதிர்ந்துபோய் வந்து நின்ற நம் சகோதரனுக்கு அந்த ஏழு நாளை நான் கொடுக்கவில்லை.

யவீருவின் மகளை எழுப்பினபோதும் இயேசு ஜனங்களை வெளியே அனுப்பினார். எழுப்பினபிறகு அவர் கட்டளையிட்டது இரண்டே காரியம். ஒருவருக்கும் சொல்லவேண்டாம், பிள்ளைக்குச் சாப்பிடக் கொடுங்கள். மரணத்திலிருந்து திரும்பினவளுக்கு மேடை இல்லை, சோறுதான்.

அப்படியானால் சாட்சியே சொல்லக்கூடாதா என்று ஒருவேளை நீங்கள் கேட்கலாம். அப்படியல்ல. பத்துப்பேரில் திரும்பி வந்த அந்த ஒருவனைக் கர்த்தர் மெச்சிக்கொண்டார். ஆனால் அவன் தானாகத் திரும்பி வந்தான், யாரும் மைக்கில் கூப்பிடவில்லை. வியாதியிலிருந்து பிழைத்தெழுந்த எசேக்கியா, விசாரிக்க வந்த பாபிலோன் ஆட்களுக்குப் பொக்கிஷசாலையைத் திறந்து காட்டினானே, அது சாட்சியா, காட்சியா? என் கூட்டத்தில் பிழைத்த மனுஷனை நான் என் பொக்கிஷம்போலக் காட்டினேன்.

மாத்திரையைப்பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதே எசேக்கியாவுக்குப் பதினைந்து வருஷம் கூட்டிக்கொடுப்பேன் என்று கர்த்தர் வாக்குக்கொடுத்தபிறகுதான் அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைத்தார்கள். வாக்கும் இருந்தது, பற்றும் இருந்தது. ஆகவே, "இன்னுமா மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று அவரைக் கேட்கிறவர்கள் அந்தக் கேள்வியை இன்றோடு நிறுத்துங்கள். டாக்டர் சொல்லாமல் ஒரு வேளை நிறுத்தினாலும் ஆபத்து.

இப்போது எப்படி இருக்கிறார்? சரீரத்தில் நோய் இல்லை என்கிறார்கள், ஆனால் களைப்பு போகவில்லை. காலையில் குளித்தாலே படுக்க வேண்டியிருக்கிறதாம். பழைய தடுப்புச்சக்தி எல்லாம் அழிந்துபோனதால், கைக்குழந்தைக்குப் போடுகிற தடுப்பூசிகளை முதலிலிருந்து திரும்பப் போடுகிறார்கள். அம்மை ஊசி போன்ற சிலவற்றுக்கு இரண்டு வருஷமாவது காத்திருக்க வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், ஊசி அட்டையோடு போய் உட்காருகிறார். (நிக்கொதேமுவை வைத்துப் பிரசங்கம் பண்ண எனக்கு ஆசை வந்தது. அடக்கிக்கொண்டேன்.) மனைவி வாசலில் தார் சுற்றுகிறார், இவர் தூரத்தில் உட்கார்ந்து பார்க்கிறார். போன வாரம் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, முகமூடியோடு அரைமணி நேரம் தறியில் உட்கார்ந்தாராம். நாலு விரற்கடை நெய்தேன் என்று போனில் சொன்னார். குரல் அழுகிறதுபோல இருந்தது. துக்கமா சந்தோஷமா என்று நான் கேட்கவில்லை.

அவருடைய கேள்விக்கு நான் பதில் சொன்னேன். "தம்பி, யாராவது கேட்டா, அன்னன்னைக்கு எப்படி இருக்கோ அப்படியே சொல்லுங்க. மரம் மாதிரி தெரிஞ்சா மரம் மாதிரி தெரியுதுன்னே சொல்லுங்க." அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இன்னைக்கு மரம்தான் பாஸ்டர்" என்றார். இரண்டுபேரும் சிரித்தோம்.

வருகிற ஞாயிறு ஆராதனைக்கு வருகிறேன் என்றிருக்கிறார். டாக்டர் ஒரு மணி நேரத்துக்கு அனுமதி கொடுத்திருக்கிறார். ஜன்னலோரம் ஒரு நாற்காலி தனியாகப் போட்டிருக்கும், அதைச் சுற்றி யாரும் உட்காரவேண்டாம். கை கொடுக்கவேண்டாம், தூரத்திலிருந்தே ஸ்தோத்திரம் சொல்லுங்கள். சளி, இருமல் உள்ளவர்கள் அன்றைக்கு வீட்டிலிருந்தே ஜெபியுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். தங்கச்சியும் கூட வருகிறாளாம், அவளுக்கு முன்வரிசையில் இடம் கொடுங்கள். சாட்சி சொல்ல நான் அவரைக் கூப்பிடமாட்டேன். அவராக எழுந்தால் மைக்கைத் துடைத்துக் கொடுப்பேன்.