கட்டாக்காலிகளின் புவனம்

குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய் நெடுந்தீவுப் படகேறும் வெளியூராரில் பலர் போவது குதிரை பார்க்கத்தான். அத்தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்தக் கட்டாக்காலிக் குதிரைகள் தீவுக்குச் சொந்தமானவை அல்ல. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் கப்பலில் வந்து, பின்பு கைவிடப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள். அந்நியர் விட்டுப்போன விலங்கை இயற்கை என்று சொல்லிக் காப்பது எப்படித் தகும்? 1974இல் வடகிழக்குக் கிரீன்லாந்தில் அமைந்த, உலகின் மிகப் பெரிய தேசியப் பூங்காவில் இக்கேள்வி எழாது. நிலையான குடிகள் இல்லாத அப்பனிநிலத்துக்குக் கஸ்தூரி எருது தானாகவே வந்து சேர்ந்தது. நெடுந்தீவிலோ முருகைக்கல் வேலி முதல், அரபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பெருக்கமரம் வரை எல்லாவற்றிலும் மனிதக் கை பட்டிருக்கிறது. கைபடாததே காக்கத்தக்கது என்றால் இங்கே காக்க ஒன்றும் மிஞ்சாது.

சைவ சித்தாந்தமோ இப்படிப் பிறப்பிடம் கேட்பதில்லை. தனு (உடல்), கரணம் (அகக்கருவி), புவனம் (உலகம்), போகம் (நுகர்பொருள்) என்னும் நான்கையும் இறைவன் மாயையிலிருந்து உயிர்களுக்காகவே ஆக்குகிறான் என்கிறது. அந்த உயிர்களில் விலங்கும் அடங்கும். ஆணவத்தில் கட்டுண்டு வினை கழிக்கும் குதிரைக்கும், எந்த வழியால் வந்திருந்தாலும், நிற்கிற நிலமே புவனம். அப்படியானால் கோடையில் அது தாகத்தால் சாவதும் அதன் வினைதானே என்று கேட்கலாம். அந்தத் தர்க்கம் தண்ணீர்ப்பந்தலையும் அன்னதானத்தையும் சேர்த்தே அடித்துவிடும். சாகிறதைப் பார்த்தும் நீர் மறுப்பவர் தம் கணக்கில் புதுவினையாகிய ஆகாமியத்தைச் சேர்க்கிறார் என்பதையும் அது மறந்துவிடுகிறது.

இதைவிடக் கனமான மறுப்பு நெடுந்தீவு மக்களுடையது. சுண்ணக்கல்லுக்குள் இறங்கும் மாரிமழை கடல்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. கூடுதலாக இறைத்தால் கிணறு உவர்க்கும். பிள்ளைக்கே குடிநீர் தேடும் வீட்டாரிடம் குதிரைக்கும் கொடு என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அந்தக் கடன் அவர்கள் தலையில் விழவும் கூடாது. பூங்கா என்று எல்லை போட்ட அரசு, மாரிக்கு முன்னமே அங்குள்ள குளங்களைத் தூர்வாரி ஆழப்படுத்த வேண்டும். அந்த நீர் மாட்டுக்கும் குதிரைக்கும் பொதுவாகட்டும். தண்ணீர் வற்றினால் மனிதருக்குப் படகு உண்டு. மனிதர் கப்பலேற்றிக் கொண்டுவந்த இனத்துக்கு அந்த வழி இல்லாததால், அதற்கு நீர் வைப்பதைத் தருமம் என்பதைவிடக் கடன் என்பதே சரி.