பந்தயப் பணம் யாருடையது?



2023 நவம்பர் 19-ந் தேதி ஆமதாபாத்தில் நடந்த கிரிக்கெட் உலகக்கோப்பை இறுதி ஆட்டம் உங்களுக்கு ஞாபகமிருக்கும். அதற்குமுன் ஆடிய 10 ஆட்டங்களிலும் இந்தியாவே ஜெயித்திருந்தது. தோற்காதென்று சத்தியம் செய்தவர்கள் எத்தனை பேர்! ஆஸ்திரேலியா 6 விக்கெட்டில் வென்றது. போடியில் காயைத் தொட்டுப் பார்த்து ஏலம் கேட்கிற வியாபாரிக்கே அடுத்த வாரத்து விலை தெரியாதே.

ஊகம் சொல்வது பாவமல்ல. பந்தயங்கூடத் தன்னிலே அநீதியல்லவென்றே திருச்சபை போதிக்கிறது. ஆனால் பணம் யாருடையது? விடியுமுன் ஜீப்பேறி மலைக்குப் போய்க் காயெடுத்து வரும் மனைவியின் வாரக்கூலியானால், அது பிள்ளைகளின் சோறு. அதைத் தொடுவது களவு. செல்போனில் பணம் கட்டி ஆடுவதை 2025-ல் சர்க்கார் சட்டம் போட்டுத் தடுத்தும், டீக்கடைப் பந்தயம் நிற்கவில்லை.

கடன்பட்டிருப்பவர்கள் முதலில் வீட்டில் மறைக்காமல் சொல்லுங்கள். பிறகு பாவசங்கீர்த்தனத்துக்கு வாருங்கள். சனிக்கிழமை மாலை 5 மணிமுதல் கோவிலில் இருப்பேன்.