கல்லில் கிடக்கும் சொல்

பழைய நூல்களிலும் துதிகளிலும் சில சொற்கள் விளங்காமலே நம்மை நிறுத்திவிடும். அகராதியைத் தேடுமுன் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். பொருளுக்கு முன்பே ஓசை வந்துவிடும்.

'மாநக்கவாரம்' அப்படி ஒரு சொல். முதலாம் இராசேந்திரனின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பைப் போற்றும் மெய்க்கீர்த்தியில், தஞ்சைப் பெரிய கோயிலின் கல்லில் அது இருக்கிறது. இன்றைய நிக்கோபார்தான் அது. வென்ற ஊர்கள் சிலவற்றுக்கு மதிலையும் அகழியையும் சொன்ன புலவர், இந்தத் தீவுக்கு வந்ததும் தேன் மிகுந்த சோலைகளைச் சொல்கிறார். போர்ப் பட்டியலின் நடுவே அந்த ஒரு தொடரில் மட்டும் வாள் ஓசை அடங்கி வண்டின் ஓசை கேட்பதாக எனக்குத் தோன்றும். அரசனுக்காக எழுதியவர்தான், ஆனால் அந்தச் சோலையை மனதாரக் கண்டிருக்கிறார்.

பின்னாளில் மார்க்கோ போலோவின் நூலிலும் அதே பெயர் சற்றே திரிந்து கிடக்கிறது. ஆயிரம் ஆண்டு ஆகிறது. கார் நிக்கோபாருக்குக் கப்பல் ஏறும் தமிழர் நாவில், உருமாறி, இன்றும் அந்தப் பெயர்.